அடைக்கல்லும் அடைக்கலராஜும்

ஓய்வெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஓய்வெடுக்கிறவர்களுக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்று எடுக்க வைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். கொடைக்கானலில் பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்களை ஓய்வெடுக்க வைத்தே தலை நரைத்தவர் அடைக்கலராஜ்.

ஏரிக்கு மேலே, செங்குத்தாக ஏறும் ஒரு சந்தின் உச்சியில் அந்தக் காட்டேஜ் இருந்தது. அதற்குக் காவல்காரர் அவர். தோட்டக்காரர் அவர். சமையல்காரர், விறகு பிளக்கிறவர், வெந்நீர் போடுகிறவர், ஜன்னலைத் திறக்கச் சொன்னால் திறந்து, குளிருகிறது என்றால் மூடுகிறவர் எல்லாமே அவர்தான். இத்தனைக்கும் சேர்த்து ‘வாட்ச்மேன்’ என்று ஒரே பெயர். பின்கட்டில் ஓர் அறை. மழைக்காலத்தில் அந்த அறையின் சுவரில் பாசி பிடிக்கும். வெயில் காலத்தில் அந்தப் பாசி காயும். மற்றபடி ஒரு குறையும் இல்லாத அறை.

அடைக்கலராஜ் பிறந்தது பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் காப்பிப் பழம் பறித்தவர்கள். முதலில் பிறந்த மூன்று பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்காமல் போய்விட்டன. நாலாவதைத் தூக்கிக்கொண்டுபோய் மாதாவின் காலடியில் கிடத்தி, இனி இது உன் பொறுப்பு, உன் அடைக்கலம் என்று அழுதுவிட்டு வந்தாள் அம்மா. அப்படி வந்த பெயர் அடைக்கலராஜ். பிள்ளை பிழைத்தது. அந்தப் பெயரை ஒரு நாளும் சுருக்கிக் கூப்பிடாமல், முழுசாகவே கூப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள் அம்மா.

பதினெட்டு வயதில் மலை ஏறி வந்து, ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வீட்டில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். பாதிரியார் 1960-இல் வீட்டை விற்றுவிட்டுத் தாய்நாடு திரும்பினார். வீட்டோடு போன சாமான்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. பிரம்பு நாற்காலி ஆறு, இரும்புக் கட்டில் நான்கு, செம்புப் பாய்லர் ஒன்று. பட்டியலில் எழுதப்படாமலே கைமாறிய இன்னொரு சாமான் அடைக்கலராஜ்.

வாங்கியவர் பரமானந்தம். சென்னையில் இரும்புக் கடை வைத்திருந்தவர். வீடு வாங்கிய கையோடு காரில் வந்து இறங்கினார். சந்து சரிவாக இருந்ததால் கார் நிற்கவில்லை, மெல்லப் பின்னால் நகர்ந்தது. அடைக்கலராஜ் ஓடிப்போய் ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு அடை வைத்தார். மலையில் யாரும் செய்கிற காரியம்தான் அது. கைப்பிரேக்கை நம்புகிறவர்கள் சமவெளிக்காரர்கள்.

“உன் பேரென்னப்பா?” என்று கேட்டார் பரமானந்தம்.

“அடைக்கலராஜுங்க.”

பரமானந்தம் கல்லைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சிரித்தார். “சக்கரத்தை அடைக்கிற கல்லு, அடைக்கல். பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க” என்றார்.

அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அவர் அடைக்கல். ஒரு வருஷத்தில் பரமானந்தம் அந்தச் சிரிப்பை மறந்துவிட்டார், பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். பால்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். தபால்காரரும் பிடித்துக்கொண்டார். “மூஞ்சிக்கல்லுக்கு வழி அடைக்கல்லைக் கேட்டாச் சொல்லுவாக” என்று, ஊருக்குள் இருக்கிற மூஞ்சிக்கல் என்ற இடத்தின் பெயரோடு சேர்த்து, ஏழு ரோடு சந்திப்பில் நிற்கிற டாக்சிக்காரர்கள்கூடக் கிண்டல் பண்ணினார்கள். கோயிலில் பங்குச்சாமியார் எல்லோரையும் போல அவரையும் ‘தம்பி’ என்றார். மனைவி அருள்மணியோ புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாத குடும்பத்தில் பிறந்தவள். ஆக, அந்த மலையில் அடைக்கலராஜ் என்று ஒருவர் இருப்பது ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுக்கு மட்டுமே தெரியும். அது தகரப் பெட்டிக்குள் கிடந்தது.

கல்லும் மாறவில்லை. அதே கல்தான். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. எந்தக் காருக்கும் பொருந்தும். வைப்பது சுலபம். காரின் எடை முழுக்க ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகு எடுப்பதுதான் வித்தை. ஒரு முழக் கட்டையால் சரியான இடத்தில், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்த இடம் எதுவென்று அடைக்கலராஜுக்கு மட்டும் தெரியும். அவர் வாழ்க்கையில் யாரும் பொறாமைப்படத் தக்க விஷயம் என்று இருந்தது அது ஒன்றே.

1979 நவம்பரில் ஒரு சேதி வந்தது. கொடைக்கானலிலேயே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாசல் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு, ஓடு போட்ட இரண்டறை வீடு, பாசி பிடிக்காத சுவர். வயது வரம்பு நாற்பத்தைந்து. அடைக்கலராஜுக்குப் பிப்ரவரி வந்தால் நாற்பத்தாறு. இந்த பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் கிடையாது. டிசம்பர் பதினைந்து, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். இரண்டே காகிதம் கேட்டார்கள். ஞானஸ்நான சர்ட்டிபிகேட் ஒன்று. இப்போது வேலை பார்க்கும் இடத்து முதலாளியின் கடிதம் ஒன்று.

முதலாளிக்கு அவர் ஒளிவுமறைவு இல்லாமல் ஒரு கார்டு போட்டார். இந்த மாதிரி விஷயம், நான் போவதானால் என் மச்சினன் மலைச்சாமியை இங்கே வேலைக்கு வைத்துவிட்டுத்தான் போவேன், ஒரு கடிதம் மட்டும் வேண்டும் என்று. பதில் உடனே வந்தது. ‘கன்னியாகுமரி வரை காரில் ஒரு ரவுண்டு போகிறோம். வழியில் அங்கே ஒரு நாள் தங்கி ரெஸ்ட். நேரில் எழுதித் தருகிறேன்.’ கார்டின் முகவரியில் ‘திரு. அடைக்கல்’ என்று இருந்தது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ‘திரு’ போட்டிருந்த சந்தோஷத்தில் அதற்குப் பிறகு என்ன போட்டிருந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை.

புதன்கிழமை மாலை அம்பாசடர் வந்து சேர்ந்தது. பரமானந்தம், அவர் மனைவி தமயந்தி, தமயந்தியின் தம்பி சேனாதிபதி என்று மூன்று பேர். மூன்று பேருக்குப் பதினோரு பெட்டி. டிசம்பர் குளிர் ஊரை மூடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் கடலைக்காரர்கள்கூடக் கடையைக் கட்டிவிட்டு இறங்கிப்போயிருந்தார்கள். சீசனில் வருகிறவர்கள் கொடைக்கானலைப் பார்க்க வருகிறார்கள். இந்த மாதத்தில் வருகிறவர்களுக்குப் பார்க்க எதுவும் இருக்காது, பனிதான் இருக்கும். அதனால் முழுசாக ஓய்வெடுக்கலாம்.

“காரை மூக்குக் கீழ பாத்தாப்புல நிப்பாட்டுங்க சார். காலைல குளுருக்கு லேசுல ஸ்டார்ட் ஆகாது. அப்படியே சரிவுல உருட்டி விட்டுக்கிரலாம்” என்றார் அடைக்கலராஜ். பரமானந்தம் அப்படியே நிறுத்தினார். முன்சக்கரத்துக்குக் கல் வைக்கப்பட்டது.

“அடைக்கல் இருக்க நமக்கென்ன பயம்” என்றார் பரமானந்தம். சேனாதிபதி சிரித்தார்.

அன்று மாலை, தீ மூட்டி, பஜ்ஜி போட்டு, காப்பி கொடுத்த பிறகு, அடைக்கலராஜ் கதவோரம் நின்று தொண்டையைக் கனைத்தார். “சார், அந்த லெட்டர்...”

“முந்நூறு மைல் ஓட்டிட்டு வந்திருக்கேம்பா. விரலெல்லாம் ஸ்டியரிங் மாதிரியே வளைஞ்சு நிக்குது. காலைல பாக்கலாம்.”

நியாயம்தான். காலையில் பார்க்கலாம். காலை என்பது பரமானந்தம் ஊரில் பத்து மணிக்கு ஆரம்பிக்கிறது. அதற்கு முன்பே அடைக்கலராஜ் பாய்லருக்கு நாலு கட்டு விறகு தின்னக் கொடுத்து, மூன்று பேருக்கும் வெந்நீர் தூக்கியிருந்தார். தமயந்திக்கு வெந்நீர் கொஞ்சம் சூடு அதிகம். பச்சைத் தண்ணீர் கலந்தால் கொஞ்சம் குறைவு. சேனாதிபதி புல்வெளியில் பாய் விரிக்கச் சொல்லி மூச்சுப் பயிற்சி செய்தார். புல்லெல்லாம் இரவுப் பனியில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இரண்டு மூச்சு விட்டுவிட்டு, மலைக்காற்று நுரையீரலுக்கு எவ்வளவு நல்லது என்று சொல்லியபடி உள்ளே ஓடிவந்து தீயருகே உட்கார்ந்துகொண்டார். பாயைச் சுருட்டும் பயிற்சியை அடைக்கலராஜ் செய்தார்.

மதியம் பேனாவோடும் காகிதத்தோடும் போய் நின்றார்.

பரமானந்தம் பேனாவை வாங்கி உள்ளங்கையில் இரண்டு கோடு கிழித்துப் பார்த்தார். “குளிர்ல மை உறைஞ்சு கெடக்குப்பா. இப்ப எழுதினா எழுத்து திக்கும். வேலைக்குப் போற லெட்டர், நல்லா இருக்க வேணாமா?” என்று சொல்லிவிட்டு, அதே பேனாவால் தன் கடைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார். அடைக்கலராஜ் தபாலாபீஸுக்கு நடந்தார். அந்தக் கடிதத்தில் மை உறையவில்லை என்பதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தார்.

ஒரு நாள் தங்கல் இரண்டு நாளானது. இங்கே எவ்வளவு ரிலாக்ஸாக இருக்கிறது என்று தமயந்தி ஒரு மணிக்கொரு தரம் சொன்னாள். சேனாதிபதி காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கார் ரேடியோவில் பாட்டுக் கேட்டார். வீட்டுக்குள் கேட்டால் பாட்டு, காருக்குள் கேட்டால் ஓய்வு என்பது அவர் கட்சி.

“பேட்டரி எறங்கிரப் போகுதுங்க” என்று அடைக்கலராஜ் ஒருதரம் சொன்னார்.

“நீ கல்லைப் பாத்துக்கோ, பேட்டரியை நான் பாத்துக்கறேன்” என்றார் சேனாதிபதி.

வெள்ளிக்கிழமை மதியம் மன்னவனூர் காரட்டில் பொரியலும், பெரும்பாறை மிளகு போட்டுக் கோழிக் குழம்பும் வைத்தார் அடைக்கலராஜ். கெஞ்சுவதை விடக் கோழி சரியாகப் பேசும் என்பது அவர் அனுபவம். பரமானந்தம் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஏப்பம் வந்தது. முகம் கனிந்தது. பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

“என்னங்க இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?” என்றாள் தமயந்தி, அந்த வெள்ளிக்கிழமைக் கோழியின் எலும்பைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு. “வெள்ளிக்கிழமை வீட்டை விட்டு ஒரு பிடி உப்புக் கொடுக்க மாட்டோம். ஒரு ஆளையே எழுதிக் கொடுக்கறீங்களே.”

பரமானந்தம் பேனாவை மூடினார். “பாத்தியா அடைக்கல், எனக்குத் தோணவே இல்லை. நாளைக்கு எழுதிடலாம்.”

தன்னை உப்போடு சேர்த்துக் கணக்கெடுத்ததில் அடைக்கலராஜுக்கு வருத்தமில்லை. உப்புக்காவது ஒரு மதிப்பு உண்டு. ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை. பத்து மணிக்கு அவர் பள்ளிக்கூட வாசலில் இருக்க வேண்டும். நடந்தால் நாற்பது நிமிஷம்.

பின்கட்டு அறைக்கு வந்து சொன்னார். அருள்மணி வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுக எழுதித் தர மாட்டாக” என்றாள் தலையைத் தூக்காமல். “எழுதித் தந்தா வெந்நி யாரு போடுவா? மலைச்சாமி போடுற வெந்நி அந்தம்மாவுக்கு ஆகுமா?”

“நல்ல மனுசந்தான். எழுதுவாரு.”

“நல்ல மனுசந்தான். யாரு இல்லைன்னா? மூணு நாளா நல்ல மனுசனாத்தான் கெடக்காரு.” சட்டையை உதறி ஆணியில் மாட்டினாள். “எனக்கு இந்தச் சொவத்துல சாஞ்சு சாஞ்சு முதுகெல்லாம் ஈரம். இன்னொரு மழைக்காலம் ஆகாது எனக்கு. அதை மட்டும் சொல்லிட்டேன்.”

அவள் இருமினாள். அந்த இருமல் மூன்று வருஷமாக இருக்கிறது. அடைக்கலராஜுக்கு அன்றைக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்தது. தோட்டத்து நாய்க்குடை முதல் கார் கண்ணாடி வரை எல்லாம் வெள்ளை. எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும், கன்னியாகுமரியில் ரூம் சொல்லியாகிவிட்டது என்று மூன்று நாளும் இல்லாத சுறுசுறுப்பு பரமானந்தத்துக்கு வந்துவிட்டது. பதினோரு பெட்டிகளையும் அடைக்கலராஜ் ஏற்றினார். வெள்ளைச் சட்டைக்கு மேல் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கடிதத்தைப் பற்றி எட்டே காலுக்கு ஒருதரம், எட்டரைக்கு ஒருதரம் கேட்டார். இதோ, இதோ என்றார் பரமானந்தம். எட்டு நாற்பதுக்கு மூன்று பேரும் காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பரமானந்தம் சாவியைத் திருகினார். கார் ஒருமுறை முனகியது. இரண்டாம் முறை அதுவும் இல்லை. மூன்று நாள் பாட்டையும் குடித்துவிட்டு பேட்டரி செத்துக் கிடந்தது. சேனாதிபதி ஜன்னலுக்கு வெளியே இயற்கையைப் பார்த்தார்.

“பரவால்ல, சரிவுல உருட்டிக்கலாம். அடைக்கல், கல்லை எடு” என்றார் பரமானந்தம்.

அடைக்கலராஜ் முழக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

“சார், லெட்டர்.”

பரமானந்தம் அவரைப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, கடைப் பெயர் அச்சடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து, ஸ்டியரிங் மேல் வைத்து, இரண்டு நிமிஷத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மூன்று நாள் மலைபோல நின்ற வேலை இரண்டு நிமிஷ வேலை. மை உறையவில்லை, விரலும் வளையவில்லை.

அடைக்கலராஜ் வாங்கிப் படித்தார். ‘இக்கடிதம் கொண்டுவரும் திரு. அடைக்கல் என்பவர் என் காட்டேஜில் பத்தொன்பது ஆண்டுகளாக நேர்மையாகவும் உண்மையாகவும்...’

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

“சார், பேரு தப்பா இருக்குங்க.”

“எது தப்பு?”

“என் பேரு அடைக்கலராஜுங்க.”

பரமானந்தத்தின் முகத்தில் உண்மையான ஆச்சரியம் தெரிந்தது. நடிப்பு இல்லை. “அடைக்கல் இல்லையா உன் பேரு?” என்று கேட்டார். தமயந்தி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள், யாரோ புது ஆள் வந்து நிற்பதுபோல. பத்தொன்பது வருஷமாக ஒரு வேடிக்கையைச் சுமந்துகொண்டு திரிந்தோம் என்றுதான் அடைக்கலராஜ் நினைத்திருந்தார். வேடிக்கைகூட இல்லை, வெறும் மறதி என்று அப்போதுதான் தெரிந்தது. அது அவருக்கு மிகவும் வலித்தது. அவர் கோபப்படத் தெரியாதவர் இல்லை. கோபப்பட நேரமில்லாதவர்.

“ஞானஸ்நான சர்ட்டிபிகேட்ல முழுப் பேரு இருக்கு சார். இதுல பாதிதான் இருக்கு. ரெண்டும் வேற வேற ஆளும்பாங்க.”

“கொண்டா இப்படி.” பரமானந்தம் காகிதத்தைப் பிடுங்கி, ‘அடைக்கல்’ பக்கத்தில் ‘ராஜ்’ என்று ஒட்டவைத்துத் திருப்பிக் கொடுத்தார். “போதுமா? கல்லை எடு.”

அடைக்கலராஜ் மறுபடி படித்தார். ‘அடைக்கல்ராஜ்.’

“புள்ளி இருக்குங்க சார்.”

“என்ன புள்ளி?”

“ல-வுக்கு மேல புள்ளி வரக்கூடாதுங்க. புள்ளி இருந்தா அடைக்கல். அது இந்தக் கல்லு. புள்ளி இல்லாட்டி அடைக்கலம். அது நான்.”

காருக்குள்ளிருந்து சேனாதிபதி பேசினார். “ஒரு புள்ளிக்காக நடுரோட்டுல உக்காத்தி வச்சிருக்கான் பாருங்க மாமா. இறங்குறேன், நானே எடுக்கறேன் அந்தக் கல்லை.”

இறங்கினார். மூச்சுப் பயிற்சி செய்த நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கல்லை ஓர் உதை விட்டார். கல் அசையவில்லை. பனியில் விறைத்திருந்த கட்டைவிரல்தான் அசைந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நொண்டியபடி போய்ச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

“நீயே ஒரு பிளேடால சுரண்டி எடுத்துக்கயேன் அந்தப் புள்ளியை” என்றார் பரமானந்தம், இப்போது கொஞ்சம் கெஞ்சலாக.

“நான் சுரண்டினா அது கள்ள லெட்டர் சார். நீங்கதான் நேர்மையா உண்மையான்னு எழுதியிருக்கீங்க.” அடைக்கலராஜ் கட்டையை மதிலில் சாய்த்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார். “புதுசா ஒண்ணு எழுதிருங்க. அவசரமில்லைங்க. ரெஸ்ட் எடுத்துக்கிட்டே எழுதுங்க. நல்ல காத்து.”

உள்ளுக்குள் அவருக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது. மணி எட்டு ஐம்பத்தைந்து. முதலாளி காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, பிடிவாதமாக மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தால் எல்லாம் போயிற்று. பாசிச் சுவரும் இருமலும்தான் மிச்சம். ஆனால் முகத்தை மட்டும் அவர் கல்லாக வைத்துக்கொண்டார். அந்தப் பயிற்சியைக் கொடுத்தவர் பரமானந்தம்தான்.

தமயந்திதான் முதலில் உடைந்தாள். “எழுதிக் கொடுத்துத் தொலைங்களேன். எனக்குக் கால் ஜில்லுங்குது.”

பரமானந்தம் புதுத் தாள் எடுத்தார். அடைக்கலராஜ் ஜன்னலோரம் குனிந்து, எழுத்தெழுத்தாகச் சொன்னார். அ, டை, இக்கன்னா புள்ளி, க, ல. “இந்த ல-வுக்குப் புள்ளி இல்லைங்க.” ரா, ஜ். “இதுக்கு உண்டு.” பரமானந்தம் முதல் வகுப்புப் பிள்ளைபோல நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

காகிதத்தை வாங்கிப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகு, அடைக்கலராஜ் கட்டையை எடுத்தார். தெரிந்த இடத்தில் ஒரு தட்டு. கல் புரண்டு ஓரத்தில் விழுந்தது. கார் நகர்ந்து, வேகம் பிடித்து, சந்தின் வளைவில் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. ஜன்னல் வழியாகப் பரமானந்தத்தின் குரல் மட்டும் வந்தது.

“வெந்நீர் அடுப்பை அணைச்சிடு அடைக்கல்.”

அருள்மணி வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்து காகிதத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். இரண்டாம் வகுப்போடு நின்றவள். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். “அ-டை-க்-க-ல-ரா-ஜ்.” படித்து முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு, “படிச்சதுதாங்க, சொல்லலை” என்றாள். அடைக்கலராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா போனபிறகு அந்தப் பெயரை அவர் காதால் கேட்பது அதுதான் முதல்முறை.

“வெரசா போங்க” என்றாள் அவள். அவர் ஓடினார்.

பள்ளிக்கூட அலுவலக வராந்தாவில் பெஞ்சு போட்டு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடிதத்தையும் சர்ட்டிபிகேட்டையும் உள்ளே கொடுத்துவிட்டு, அவர் கடைசியில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. ஒவ்வொருவராகப் போய்வந்தார்கள். மரியசெல்வம் என்ற கிளார்க் கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பெயர் கூப்பிட்டார்.

“அடைக்கலராஜ்.”

யாரும் எழுந்திருக்கவில்லை.

“அடைக்கலராஜ், வந்திருக்காரா?”

அடைக்கலராஜ் இடமும் வலமும் பார்த்தார். யாரோ பாவம், நேரத்துக்கு வராமல் கோட்டை விட்டுவிட்டான் என்று நினைத்தார். பெஞ்சில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

“நான்தாங்க, நான்தாங்க” என்று எழுந்தார்.

“ஏன்யா, கூப்பிட்டாக் காது கேக்காதா? வாசக் காவலுக்குக் காதுதான முக்கியம்?”

“காது நல்லாக் கேக்குங்க. அந்தப் பேரை யாரும் கூப்புட்டு ரொம்ப நாளாச்சு. அதான் வேற யாரோன்னு இருந்துட்டேன்.”

உள்ளே செபாஸ்டின் சாமியார், பள்ளிக்கூடத்துப் பொறுப்பாளர், கடிதத்தையும் சர்ட்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ல-வில் பென்சில் வந்தபோது அடைக்கலராஜ் மூச்சை நிறுத்திக்கொண்டார். பென்சில் தாண்டிப் போனது. வேறு என்ன வேலை தெரியும் என்று சாமியார் கேட்டார்.

“சரிவுல நிக்கிற வண்டிக்குக் கல்லு வைப்பேன் சாமி. எடுக்கவும் தெரியும்.”

“நம்ம வாசலும் சரிவுதான்” என்றார் சாமியார்.

ஜனவரி இரண்டாம் தேதி காக்கிக் கோட்டு கொடுத்தார்கள், வீட்டுச் சாவி கொடுத்தார்கள். சுவரைத் தடவிப் பார்த்தாள் அருள்மணி. காய்ந்து கிடந்தது. காட்டேஜில் மலைச்சாமி சேர்ந்துகொண்டான். பரமானந்தம் அவனுக்கு வைத்த பெயர் ‘மலை’.

முதல் நாள் வேலை முடித்து அடைக்கலராஜ் வீட்டுக்கு வந்தபோது, எப்படி இருந்தது என்று அருள்மணி கேட்டாள். நல்ல மனிதர்கள், நல்ல இடம் என்றார். மரியாதையாக நடத்துகிறார்கள் என்றார். கொஞ்சம் தயங்கி, பெயர் மட்டும் நீளமாக இருக்கிறதாம், டீச்சர்மாருக்கு வாயில் நுழையவில்லையாம், அதனால் சுருக்கமாக ‘ராஜ்’ என்று கூப்பிடுகிறார்கள் என்றார்.

அருள்மணி காப்பியை ஆற்றி டம்ளரில் ஊற்றினாள்.

“முன்பாதியை அங்க குடுத்தீக, பின்பாதியை இங்க குடுத்துட்டீக. வீட்டுக்குன்னு ஒண்ணும் கொண்டாரலை” என்றாள். பிறகு, காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்று டம்ளரை நகர்த்தி வைத்தாள்.